உடைந்த பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளவும்

அந்த ஆபீஸில் அவளை எல்லோரும் முத்திரை என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மெத்தைக் கடைக்கு மேலே மூன்று அறைகளில் அவளுடைய அண்ணன் நடத்திய இணையதளம் அது. ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம், எத்தனை மணிக்குத் திறக்கும், டிக்கெட் ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்லும் தளம். அதில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பச்சையாக ஒரு முத்திரை இருக்கும். 'நடந்து பார்த்தது' என்று எழுதி, கீழே தேதி. அதைப் போடும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான். அண்ணன் முதலாளியாக இருக்கலாம்; ஆனால் தலைகீழாக நின்றாலும் அவனால் அதைப் போட முடியாது.

இதற்குக் காரணம் உண்டு. தளம் ஆரம்பித்த முதல் வருஷம், மூடி இரண்டு வருஷமான ஒரு பூங்காவைத் 'தவறவிடக் கூடாத இடம்' என்று போட்டுத் தொலைத்துவிட்டார்கள். ஒரு குடும்பம் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து அனுப்பியது. அதில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் கால் படாத எதுவும் இனித் தளத்தில் ஏறக் கூடாது என்று மறுநாளே சட்டம் போட்டாள். ஒன்பது வருஷமாகிறது. தளத்தின் அடியில் 'திருத்தம்' என்று ஒரு பக்கம் உண்டு. இத்தனை வருஷத்தில் அதில் மூன்றே மூன்று திருத்தங்கள். ஒன்று, ஒரு கோபுரத்தின் படிக்கட்டு எண்ணிக்கை. அதுவும் அவள் எண்ணிவிட்டு வந்த பிறகு யாரோ ஒரு படியை இடித்ததால் வந்த வினை. இப்போது அதைப் பற்றிக் கேட்டாலும் அவளுக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

அண்ணனுடைய மனைவி, அதாவது அவளுடைய அண்ணி, தளத்துக்கு எழுத வந்து பதினோரு மாதம். இருவருக்கும் ஒரே வயசு. ஆனாலும் அண்ணி அண்ணிதானே, 'நீங்க' என்றுதான் பேச்சு. அதற்கு முன்னால் அண்ணி பன்னிரண்டு வருஷம் பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள். ஒரு வருஷ விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். வருகிற ஒன்றாம் தேதி, திரும்பிப் போகிறேன் என்றோ வரவில்லை என்றோ அவள் அங்கே எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

அண்ணி அந்த ஜன்னலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முத்திரை வேலையைப் போட்டுவிட்டுக் கேட்பாள். அருங்காட்சியகத்துக்கு எந்த பஸ் என்று காலையில் கேட்டுப் போகிறவர், சாயங்காலம் அதே ஜன்னலில் தலையை நீட்டித் தப்பான நிறுத்தத்தில் இறங்கிய கதையைச் சொல்வாராம். அங்கே ஒருவர் மொட்டை மாடியில் புறாவின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாராம், இவரைக் கூப்பிட்டு நூலைப் பிடிக்கச் சொன்னாராம். பன்னிரண்டு வருஷத்தில் அருங்காட்சியகத்தைப் பற்றித் திரும்பி வந்து பேசியவர் ஒருவர்கூட இல்லையாம். தான் ஒன்பது வருஷம் தேய்த்த செருப்புகளை நினைத்து முத்திரைக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அண்ணியைப் போல ஒரு மனுஷியை அவள் பார்த்ததில்லை. அண்ணி வந்த பிறகுதான் அந்த மூன்று அறைகளுக்கும் காற்று வர ஆரம்பித்தது என்று அவள் நம்பினாள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று தினமும் காலண்டரில் எண்ணிப் பார்ப்பாள்.

ஒரு திங்கட்கிழமை அண்ணி ஒரு பக்கத்தை எழுதிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். மொத்தம் ஆறு வரி. 'வீட்டில் உடைந்து கிடக்கும் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளவும். பதினேழாம் எண் பஸ்ஸில் ஏறி, பாலம் தாண்டி முதல் நிறுத்தத்தில் இறங்கவும். அதைச் சரிசெய்ய ஓர் ஆளைத் தேடவும். வரைபடம் வேண்டாம், வாயைத் திறந்து கேட்கவும். அனுப்புகிற இடத்துக்கெல்லாம் போகவும். தெருவிளக்கு எரிவதற்குள் திரும்பவும்.' அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

அண்ணன் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கமும் வெள்ளைதான். பார்க்க வேண்டிய பத்து இடம், சாப்பிட வேண்டிய பத்து இடம் என்று போட்டே அவனுக்குப் பழக்கம். வாசகர்கள் ஒரு வருஷமாகக் குறைந்துகொண்டே வந்ததும் அந்தப் பழக்கத்தால்தான். ஆனால் அதை அவனிடம் யார் சொல்வது?

"இதுல ஒண்ணுமே இல்லையே," என்றான்.

"ஒண்ணுமே இல்லாததாலதாங்க போவாங்க," என்றாள் அண்ணி. "ஜன்னல்ல இருந்தப்போ கேட்டாத்தான் சொல்லுவேன். இங்க யாரும் கேக்காமயே எல்லாத்தையும் கொட்டுறோம். பட்டியல்தான் எழுதணும்னா எனக்கு அந்த ஜன்னலே போதும்."

அண்ணன் லேசுப்பட்டவன் இல்லை. மனைவியிடம் மறுத்துப் பேசி வீட்டில் யார் அவதிப்படுவது? முத்திரை போட்டால் பக்கம் ஏறட்டும், போடாவிட்டால் இல்லை என்று தங்கையின் தலையில் கட்டினான். இடமே இல்லாத பக்கத்துக்கு அவளால் எப்படி முத்திரை போட முடியும் என்பது அவன் கணக்கு.

அன்று ராத்திரி முழுக்க முத்திரைக்கு அதே யோசனை. போட்டால் பொய், போடாவிட்டால் அண்ணி போய்விடுவாள். காலையில் கம்பி ஒடிந்த குடை ஒன்றை அலமாரிக்குப் பின்னாலிருந்து உருவி எடுத்து, குறிப்பு நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு பதினேழாம் எண் பஸ்ஸில் ஏறினாள்.

பாலம் தாண்டி இறங்கியவளுக்கு முதல் கால் மணி நேரம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒன்பது வருஷமாக அவள் எங்கேயும் கேட்டுப் போனதில்லை. எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் போவாள். கடைசியில் சாவி வெட்டும் பெட்டிக்கடைக்காரரிடம் குடையை நீட்டினாள். அவர் கம்பியைத் தடவிப் பார்த்து, இந்த மெல்லிசுக்குத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்லி, அடுத்த சந்தில் புத்தகம் பைண்டிங் செய்கிறவரிடம் அனுப்பினார். பைண்டிங்காரர் கம்பி இருக்கிறது, ஆனால் வளையாது என்றார். சொல்லிவிட்டு அனுப்பியிருக்கலாம், அவர் அனுப்பவில்லை. ஒரு தலையணை கனத்துக்குத் தைத்துக்கொண்டிருந்த புத்தகத்தின் முதுகைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பசை காய்கிற வரைக்கும் அதன் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறீர்களா, எனக்கு இரண்டு கைதான் இருக்கிறது என்றார். அவளும் இருபது நிமிஷம் அழுத்திக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. முடிதிருத்தும் பயிற்சிப் பள்ளியில் பத்துப் பேர் ஊதிய பலூன்களுக்கு நுரை தடவிச் சவரம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பலூன் வெடித்து நுரை அவள் கண்ணாடியில் விழுந்தது. வாத்தியார் மன்னிப்புக் கேட்டார், அவளுக்கோ சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அவர் காட்டிய வழியில் போனால், ஒரு தெரு முழுக்க எல்லாக் கதவுக்கும் பஸ்ஸின் பச்சை. டெப்போவில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் தெரு, மிச்சப் பெயின்ட் என்று ஒரு அம்மா விளக்கம் சொன்னாள். அந்த அம்மா அனுப்பிய வீட்டில் ஒருவர் பெரிய பித்தளைக் குழலைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று ஊதிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது என்பதற்காகவாம். அவருக்குக் குடையைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் அவளை உட்கார வைத்து ஒரு பாட்டு வாசித்துக் காட்டினார்.

குடை கடைசியில் எங்கே சரியானது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில், பல்செட் செய்கிற அம்மாவிடம். மேஜை நிறையப் பற்கள். அந்த அம்மா குடையை வாங்கி, ஒடிந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, "கடைவாய்ப் பல்லுக்குக் கொக்கி போடுற கம்பி சரியா இருக்கும்," என்றாள். நாலே நிமிஷம். குடை விரிந்தபோது இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கைதட்டினார்கள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வேலை வந்ததில்லை என்று அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

திரும்பும் பஸ்ஸில் முத்திரைக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணி, அண்ணி, நீங்கள் சொன்னது அத்தனையும் நிஜம் என்று மனசுக்குள் கத்திக்கொண்டே வந்தாள். ஆனால் அண்ணி அன்றைக்கு ஊரில் இல்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நாலு நாள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள்.

இங்கேதான் முத்திரையின் கை அவளை மாட்டிவிட்டது. நோட்டைப் பிரித்தால், போகிற போக்கில் பழக்கதோஷத்தில் பதினான்கு இடங்களைக் குறித்து வைத்திருந்தாள். கதவு எண், திறக்கும் நேரம், நிறுத்தத்திலிருந்து எத்தனை அடி, எல்லாம். இவ்வளவு அருமையான இடங்களை வாசகர்கள் தவறவிட்டுவிட்டால் என்ன ஆவது? அண்ணியின் ஆறு வரிக்குக் கீழே இருந்த வெள்ளையில் பதினான்கையும் ஒன்று விடாமல் ஏற்றினாள். 'பல்செட் செய்பவர். குடையும் சரிசெய்யப்படும். 10 முதல் 5 வரை.' ஒவ்வொன்றுக்கும் பச்சை முத்திரை. அண்ணி வந்து பார்த்தால் பூரித்துப்போவாள் என்று நினைத்து வேறு சந்தோஷப்பட்டாள், பாவம்.

பக்கம் சக்கைப்போடு போட்டது. நாலே நாளில் பார்ப்பவர்கள் நாலு மடங்கு. அண்ணனின் வாய் காதுவரை போனது. ஊரின் ஒவ்வொரு பேட்டைக்கும் இதே மாதிரி பதினான்கு இடம் எடுத்துவிடலாம், உடைந்த பொருள் கூட எதற்கு, அந்த ஆறு வரியைத் தூக்கிவிடலாம் என்று திட்டம் போட ஆரம்பித்தான்.

ஊரிலிருந்து திரும்பிய அண்ணி திரையின் முன்னால் உட்கார்ந்து பக்கத்தை மேலிருந்து கீழே படித்தாள். திட்டுவாள் என்று முத்திரைக்கு அப்போதும் தோன்றவில்லை, பாராட்டுக்குத்தான் நின்றாள். அண்ணி திட்டவுமில்லை.

"நீ பாத்த மாதிரி வேற யாரும் பாத்திருக்க முடியாது," என்றாள். "அந்தப் பலூன் விஷயம் எவ்வளவு நல்லா இருக்கு."

பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். பஸ் நிலையத்துக்கு, ஒன்றாம் தேதி வேலைக்குத் திரும்புவதாக எழுதிய கடிதம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பாராட்டு வராது என்று முத்திரைக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலை ஒரு வாசகரின் கடிதம் வந்தது. 'பதினான்கு இடங்களையும் இரண்டு மணி பத்து நிமிஷத்தில் முடித்தோம். ஐந்தாவது சுமார். பல்செட் கடை மூடியிருந்தது. மூன்று நட்சத்திரம்.' புகார் வந்தால் இரண்டு நாளுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவளே போட்ட சட்டம். கிளம்பினாள்.

பைண்டிங்காரர் கதவைச் சாத்தி வைத்திருந்தார். பயிற்சிப் பள்ளியின் ஜன்னலில் நாலு பேர் போனை நீட்டிக்கொண்டு, பலூன் எப்போது வெடிக்கும் என்று காத்திருந்தார்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'குடை பார்ப்பதில்லை. பல் மட்டும்.' அவள் தட்டினாள். எட்டிப் பார்த்த அம்மா, அடையாளம் தெரிந்து உள்ளே விட்டாள்.

பக்கத்தை எழுதியது தான்தான் என்று முத்திரை உடனே சொல்லிவிட்டாள். மறைத்துப் பழக்கமில்லை. அந்த அம்மா கோபப்படவில்லை. மேஜை ஓரத்தில் ஒரு சின்ன டப்பாவைக் காட்டினாள். பல்செட் மாட்டிப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் பொக்கை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது, யாரோ உள்ளே வந்து படம் எடுத்துவிட்டார்களாம். எழுந்து போன மனுஷன் திரும்பி வரவே இல்லையாம். பற்கள் அந்த டப்பாவில் தயாராக இருந்தன.

"நீ வந்தப்போ எனக்கு எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமாம்மா?" என்றாள். "நீ கேட்ட, நான் யோசிச்சேன். இப்ப வர்றவங்க எதுவுமே கேக்கிறதில்ல. எல்லாம் முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு, சரியா இருக்கான்னு பாக்க வர்றாங்க."

சரியா இருக்கான்னு பாக்கிறது. ஒன்பது வருஷமாக அவள் செய்த வேலையே அதுதான். தன் வேலையை ஊரில் உள்ள அத்தனை பேரின் தலையிலும் கட்டிவிட்டோமே என்று நினைத்தபோது முத்திரைக்கு அழுகை வந்தது. அங்கேயே, பற்களுக்கு நடுவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அந்த அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

ஆபீஸுக்குத் திரும்பியதும் நேராகத் தன் திரையின் முன்னால் போய் உட்கார்ந்தாள். பதினான்கு இடங்களையும் ஒவ்வொன்றாக நீக்கினாள். முடித்தபோது அண்ணியின் ஆறு வரியும் பழைய வெள்ளையும் மட்டும் மிஞ்சின. அந்த ஆறு வரிக்கு நேராகப் பச்சை முத்திரை போட்டாள். நடந்து பார்த்தவள் அவள், போடலாம். பிறகு தளத்தின் அடியில் இருந்த 'திருத்தம்' பக்கத்தைத் திறந்தாள்.

'திருத்தம் 4. சென்ற வாரம் "உடைந்த பொருள்" பக்கத்தில் பதினான்கு இடங்களைக் கொடுத்திருந்தோம். பெயர், நேரம், தூரம் எல்லாம் சரி. கொடுத்ததுதான் தவறு. தவறு சரிபார்த்தவருடையது, பக்கத்தை எழுதியவருடையது அல்ல.'

அண்ணன் பார்த்தான். பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. யாரைக் கேட்டு எடுத்தாய், வராது வந்த வாசகர்களை விரட்டிவிட்டாயே என்று அறை அதிரக் கேட்டான். அண்ணி பக்கத்து மேஜையிலிருந்து தலையைத் தூக்கினாள். கடிதம் அவள் முன்னால் இருந்தது, பேனாவும் திறந்து இருந்தது.

முத்திரை எழுந்து நின்றாள். அண்ணனை எதிர்த்து அவள் பேசியதே கிடையாது.

"முத்திரை போடுறதும் எடுக்கிறதும் என் வேலை," என்றாள். "அந்தப் பக்கம் தப்புன்னு நீ சொல்லணும்னா நடந்து பாத்துட்டு வந்து சொல்லு. நம்ம சட்டம் அதுதானே அண்ணா?"

சொல்லிவிட்டுச் சுவரைக் காட்டினாள். இரண்டு மாசமாக நாலேகாலில் நின்றுபோயிருந்த கடிகாரம் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

தங்கையின் வாயில் மாட்டிக்கொண்டால் அண்ணன்கள் என்ன செய்வார்கள்? அவன் நாற்காலியில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினான், செய்தித்தாளில் சுற்றிக்கொண்டான், படியிறங்கிப் போனான். போன் மேஜையிலேயே கிடந்தது. கோபத்தில் மறந்துவிட்டான் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அண்ணி கையெழுத்துப் போடவில்லை. பேனாவை மூடவும் இல்லை. மதியம் போனது, மூன்று மணி போனது, ஐந்தும் போனது. நேரம் என்ன என்று அவர்கள் சும்மா சும்மா சுவரைப் பார்த்தார்கள், அங்கே ஆணிதான் இருந்தது.

தெருவிளக்கு எரிவதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் வந்தான். சட்டையில் ஒரு பக்கம் முழுக்க நீல நிறத் தூள். ஒரு செருப்பின் வார் புதிதாகத் தைக்கப்பட்டிருந்தது. கையில் கடிகாரம் இல்லை. வந்தவன் மூச்சு வாங்க நின்று, சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தான். பிறகு மனைவியின் மேஜைக்குப் போய், அந்தக் கடிதத்தை எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"அந்த ஜன்னலுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு," என்றான். "பக்கம் அப்படியே இருக்கட்டும். அடுத்தது எழுது."

அண்ணி கடிதத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜையின் காலுக்கு அடியில் செருகினாள். மேஜை ஆடுவது நின்றது.

முத்திரைக்கோ ஆவல் தாங்கவில்லை. இந்த நீலத் தூள் எங்கே கிடைத்தது? செருப்பைத் தைத்தது யார்? ஆபீஸ் பொருள்கள் வெளியே போனால் பதிவு செய்கிற பேரேடு ஒன்று உண்டு. அதுவும் அவள் பொறுப்பு. அதை எடுத்து விரித்தாள். சுவர்க் கடிகாரம், ஒன்று. இன்றைய தேதி. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள் என்று அண்ணன் சொல்ல, அதையும் எழுதினாள். அடுத்த கட்டத்துக்கு வந்தாள்.

"எங்க குடுத்த?"

அண்ணன் வாயைத் திறந்தான். ஒன்பது வருஷமாக ஊருக்கெல்லாம் வழி சொன்னவன், தங்கையின் பேனாவைப் பார்த்தான், பேரேட்டைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"அத மட்டும் கேக்காத," என்றான்.

அவள் பேனா அந்தக் கட்டத்தின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, அந்த ஆபீஸில் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக, ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பக்கத்தில் முத்திரை போட்டாள்.